கயல்விழி தலைமை கற்ற நான்கு நாட்கள்

கதிரோட்டம் கம்பெனியில் ஆறு பேர் இருந்தவரை கயல்விழியை யாரும் தலைவர் என்று சொன்னதில்லை. அதனால் வேலை நடந்துகொண்டிருந்தது.

தஞ்சாவூரில் ஒரு மருந்துக்கடையின் மாடியில் இருந்தது அந்தக் கம்பெனி. அறுப்பு மிஷின் வேண்டும் என்கிற விவசாயியையும் மிஷின் வைத்திருப்பவரையும் செல்போன் ஆப் வழியாகச் சேர்த்துவைப்பது அதன் தொழில். விவசாயி ஊர்ப் பெயரையும் எத்தனை ஏக்கர் என்பதையும் பதிந்தால் போதும். சேலத்திலிருந்தும் பெரம்பலூரிலிருந்தும் தை மாதம் டெல்டாவுக்கு வந்து சேரும் மிஷின்களில் ஒன்று, வரிசைப்படி அவர் வயலில் போய் நிற்கும். அந்த வரிசையைப் போடும் நிரலை முழுதாக எழுதியவள் கயல்விழி. குடவாசல் பக்கம் புதுக்குடிக்காரி. அவளுடைய அம்மா காத்தாயி இருபது வருடம் பிறர் வயலில் நடவு நட்டுவிட்டு, இப்போது ஒன்றரை ஏக்கர் குத்தகைக்கு எடுத்துப் பயிர் வைப்பவர்.

டெல்டாவில் புதுக்குடி என்ற பெயரில் தாலுகாவுக்கு ஒரு ஊராவது இருக்கும். மேலூர், கீழூர் எல்லாம் அப்படித்தான். மிஷின் ஊர் மாறிப் போய்விடக் கூடாதே என்று கயல்விழி, ஒரே பெயருள்ள ஊர்களையெல்லாம் விசாரித்து ஒரு பட்டியல் போட்டு நிரலோடு சேர்த்து வைத்திருந்தாள். அந்தப் பட்டியல் இருப்பது அவளுக்குத்தான் தெரியும். மூன்று வருடமாக எந்த மிஷினும் ஊர் மாறவில்லை என்பதால் மற்றவர்களுக்குத் தெரிய வேண்டிய அவசியம் வரவில்லை.

அவளை நம்பித்தான் புதுக்குடியில் நாற்பத்தொரு குடும்பம் ஆப்பில் பதிந்தது. முதலில் பதிந்தவர் பெரிய தெருக் கோவிந்தராசு. மிஷின் புரோக்கர்களை எல்லாம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, "காத்தாயி மவ செஞ்சதாம், சரியாத்தான் இருக்கும்" என்று மற்றவர்களுக்கும் சொன்னார்.

கம்பெனி வளர்ந்தது. ஆறு பேர் தொண்ணூறு பேரானார்கள். மருந்துக்கடை மாடியிலிருந்து கண்ணாடிக் கட்டடத்துக்கு மாறினார்கள். கம்பெனியின் முதலாளி சூர்யபிரகாஷ் வெளிநாட்டில் படித்துத் திரும்பியவர். எல்லாரும் தன்னை 'சூர்யா' என்றுதான் கூப்பிட வேண்டும் என்று அவர் உத்தரவு போட்டிருந்தார். கயல்விழிக்கு மட்டும் அது வாயில் வரவில்லை. அவருடைய தாத்தா வயலில்தான் காத்தாயி நடவு நட்டார்.

மார்கழியில் முதலீட்டாளர்களின் பிரதிநிதி ஒருவர் வந்து கம்பெனியைச் சுற்றிப் பார்த்தார். தொழில்நுட்பத் தலைவர் யார் என்று கேட்டார். கயல்விழியைக் காட்டினார்கள். அவள் அப்போது கீபோர்டில் எதையோ அடித்துக்கொண்டிருந்தாள். கல்யாண மாப்பிள்ளையே வாளியைத் தூக்கிக்கொண்டு பந்தி பரிமாறுவதைப் பார்த்தவர் போல அவர் முகம் மாறியது. வளரும் கம்பெனியில் தொழில்நுட்பத் தலைவர் என்பவருக்குத் தொழில்நுட்பம் தெரிந்திருப்பது பெரிய ஆபத்து என்றும், அவருக்குத் தலைமைப் பயிற்சிச் சான்றிதழ் இல்லாவிட்டால் அடுத்த முதலீடு வராது என்றும், பெங்களூரில் சான்றிதழோடு நிறையப் பேர் காத்திருக்கிறார்கள் என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

எனவே தை மாதம் இரண்டாவது வாரம், டெல்டா முழுக்க சம்பா அறுப்பு மும்முரமாக இருந்தபோது, கயல்விழி நான்கு நாள் தலைமைப் பயிற்சிக்கு அனுப்பப்பட்டாள். அதற்கு முந்தைய நாள்தான் கம்பெனி புதிய சர்வருக்கு மாறியிருந்தது. தொண்ணூறு பேர் கம்பெனிக்கு ஆறு பேர் காலத்துச் சர்வர் கௌரவமாக இல்லை. ஊர்ப் பட்டியல் பழைய சர்வரிலேயே தங்கிவிட்டது. எது எது எங்கே இருக்கிறது, எதை எப்போது மாற்ற வேண்டும் என்று நான்கு பக்கத்துக்குக் குறிப்பு எழுதி, தனக்கு அடுத்த இடத்தில் இருந்த ஷிஃபாவிடம் கொடுக்க எடுத்து வைத்தாள் கயல்விழி. சூர்யபிரகாஷ் அதை வாங்கி மேசை இழுப்பறையில் வைத்துக்கொண்டார். பயிற்சி நிறுவனம் முன்பே எழுதியிருந்ததாம்: தலைவர் குறிப்பு கொடுத்தால் கீழே இருப்பவர்களின் சிந்தனை வளராது.

பயிற்சி வெண்ணாற்றங்கரையில் ஒரு சொகுசு விடுதியில் நடந்தது. பல கம்பெனிகளிலிருந்து பன்னிரண்டு தொழில்நுட்பத் தலைவர்கள் வந்திருந்தார்கள். நடத்தியவர் பூர்ணிமா. அவர் எந்தக் கம்பெனியையும் நடத்தியதில்லை. நடத்தியிருந்தால் பார்வை குறுகிப்போயிருக்கும் என்று அறிமுக உரையில் அவரே சொன்னார். நல்ல குரல். யார் பேசினாலும் தலையைச் சாய்த்து, கண்ணை லேசாக மூடிக் கேட்பார்.

திங்கட்கிழமை காலையில் எல்லாருடைய செல்போனையும் லேப்டாப்பையும் வாங்கி ஒரு பெட்டியில் பூட்டினார்கள். பிறகு ஆளுக்கொரு புது கீபோர்டைக் கொடுத்து, வாழை இலையில் வைத்து, வரிசையாக ஆற்றுக்கு அழைத்துப் போனார்கள். இனி கையால் வேலை செய்வதில்லை என்று சொல்லி அதை ஆற்றில் விட வேண்டும். நாதஸ்வரத்துக்கு ஏற்பாடு செய்திருந்தார்கள். ஆற்றில் அப்போது கணுக்கால் அளவுதான் தண்ணீர். கீபோர்டுகள் போகவில்லை. படித்துறைக்குப் பக்கத்திலேயே மணலில் உட்கார்ந்துகொண்டன. விடுதி ஊழியர் ஒருவர் மூங்கில் கழியால் ஒவ்வொன்றையும் தள்ளித் தள்ளிவிட்டார். பழக்கத்தை விடுவது எவ்வளவு கஷ்டம் பாருங்கள் என்று பூர்ணிமா அதையும் பாடமாக்கினார். பன்னிரண்டு பேரும் எழுதிக்கொண்டார்கள்.

கயல்விழி தன் கீபோர்டை விட்டுவிட்டு, கையை என்ன செய்வது என்று தெரியாமல் நின்றாள். மாலைக்குள் எப்படியாவது போனை வாங்கி ஷிஃபாவிடம் பட்டியலைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும் என்பதே அவள் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. மாலையில் கேட்டாள். பூர்ணிமா அன்போடு அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "இந்தப் பதற்றம்தான் கயல், உங்களுக்கும் தலைமைக்கும் நடுவுல நிக்குது" என்றார்.

செவ்வாய்க்கிழமைப் பாடம், கேள்வி. தலைவர் என்பவர் பதில் சொல்லக் கூடாது. யார் எதைக் கேட்டாலும் திருப்பி ஒரு கேள்வி கேட்க வேண்டும். பதில் சொன்னால் அவரும் ஊழியர் ஆகிவிடுகிறார். பதில் தெரிந்திருந்தும் சொல்லாமலிருப்பது உயர்ந்த நிலை. பதிலே தெரியாமல் சொல்லாமலிருப்பது அதைவிட உயர்ந்தது, ஆனால் அதற்குப் பல வருட அனுபவம் வேண்டும். காலையெல்லாம் ஒருவரை ஒருவர் கேள்வி கேட்டுப் பழகினார்கள். சாப்பாட்டுக்கூடம் எங்கே என்று ஒருவர் கேட்டதற்குக் கால்மணி நேரம் யாரும் பதில் சொல்லவில்லை.

பதினொரு மணிக்குப் பெட்டிக்குள்ளிருந்து கயல்விழியின் போன் அடித்தது. பூர்ணிமாவுக்கு அது எதிர்பாராத பாக்கியம். எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு, மேசை நடுவில் வைத்து, வீடியோவையும் ஓடவிட்டார். மற்ற பதினொரு பேரும் நாற்காலியை நெருக்கிப் போட்டு உட்கார்ந்தார்கள்.

"அக்கா, ஷிஃபா பேசுறேன். நம்ம புதுக்குடிக்குப் போக வேண்டிய ஏழு மிஷினும் திருத்துறைப்பூண்டி பக்கத்துப் புதுக்குடிக்குப் போயிட்டிருக்கு. புது சர்வர்ல ஊரைப் பிரிச்சுக் காட்டுற எதுவுமே இல்ல. பழசுல எங்கக்கா வச்சிருக்கீங்க?"

பதில் ஒரே வாக்கியம். கயல்விழியின் நாக்கு நுனியில் இருந்தது. பூர்ணிமா அவளைப் பார்த்துப் புன்னகைத்து, உதட்டின் மேல் விரல் வைத்தார். கையில் மதிப்பெண் தாள் இருந்தது. கயல்விழி பெங்களூரில் காத்திருப்பவர்களை நினைத்தாள். தான் எழுதிய நிரலின் முன் வேறொருவர் உட்கார்ந்திருப்பதை நினைத்தாள். ஷிஃபா கெட்டிக்காரி, தேடினால் அரைமணியில் கிடைத்துவிடும் என்று நினைத்தாள். ஒரு மணிக்குச் சாப்பாட்டு இடைவேளை வரும், அப்போது சொல்லிவிடலாம் என்றும் நினைத்தாள்.

"நீ என்ன நினைக்கிறே, ஷிஃபா?"

"நான் என்னக்கா நினைக்கிறது. தெரியலன்னுதானே கேக்குறேன். நாளைக்கு மழைன்னு வேற சொல்றாங்க."

பூர்ணிமா ஒரு அட்டையில் எழுதி நீட்டினார். கயல்விழி அதைப் படித்தாள். "மழைன்னதும் உனக்குள்ள என்ன தோணுது?"

ஷிஃபா குரலைத் தாழ்த்தி, "அக்கா, பக்கத்துல யாராவது நிக்கிறாங்களா?" என்று கேட்டாள்.

பூர்ணிமா போனை அணைத்தார். பதினொரு பேரும் எழுந்து கை தட்டினார்கள். ஒரு மருத்துவமனை சாஃப்ட்வேர் கம்பெனித் தலைவருக்குக் கண் கலங்கிவிட்டது. தன்னால் ஒருநாளும் இப்படி முடிந்ததில்லை என்றார். கயல்விழிக்கு நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு கிடைத்தது.

ஒரு மணிக்கு அவள் போனைக் கேட்டபோது, இப்போது கூப்பிட்டால் ஷிஃபாவை நம்பவில்லை என்று ஆகிவிடும் என்றார் பூர்ணிமா. மதிப்பெண் எண்பதுக்கு மேல் வாங்கியவர்களுக்கு இருபத்துநான்கு மணி நேரம் தொடர்பில்லா விரதம் என்றொரு விதியும் இருந்தது. கயல்விழி சாப்பிட உட்கார்ந்தாள்.

திருத்துறைப்பூண்டிப் பக்கத்துப் புதுக்குடியில், அதே நேரத்தில், யாரும் கூப்பிடாமலே ஏழு மிஷின் வந்து நின்றது. மிஷின்காரருக்கும் விவசாயிக்கும் ஒருவர் நம்பர் மற்றவருக்குத் தெரியக் கூடாது என்பது கம்பெனிக் கொள்கை. தெரிந்தால் அடுத்த வருடம் கம்பெனி இல்லாமலே பேசிக்கொள்வார்கள். எனவே டிரைவர்கள் யாரையும் கேட்கவில்லை. ஊர்ப்பெயர் சரியாக இருந்தது, வயலில் நெல் இருந்தது, அறுத்தார்கள். அந்த ஊர்க்காரர்கள் ஆச்சரியப்பட்டு ஆப்பில் ஐந்து நட்சத்திரம் கொடுத்தார்கள். சாயங்காலம் கம்பெனியின் பெரிய திரையில், புதுக்குடி நூறு சதவீதம் முடிந்தது என்று பச்சை விளக்கு எரிந்தது. ஷிஃபா ஒருத்தி மட்டும் அது பொய் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். பச்சை விளக்கை நம்பாதவர்களால் வளரும் கம்பெனியில் குழப்பம் வரும் என்று அவளுக்கு எடுத்துச் சொல்லப்பட்டது.

புதன்கிழமைப் பாடம் வயலில். விடுதிக்குள்ளேயே பயிற்சிக்கென்று பத்து சென்ட் வயல் வைத்திருந்தார்கள். ஒவ்வொரு வாரமும் அதில் நடவு நடக்கும். ஒவ்வொரு வாரமும் அடுத்த அணிக்காகப் பிடுங்கப்படும். அறுப்புக் காலத்தில் நடவுக்கு வந்திருந்த எட்டுப் பெண்கள் தங்களுக்குள் ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டு சேற்றில் இறங்கினார்கள். தலைவர்கள் பன்னிரண்டு பேரும் வரப்பில் நிற்க வேண்டும். இறங்கக் கூடாது, சொல்லிக்கொடுக்கக் கூடாது. நிற்பதன் மூலமே நடவை நடத்த வேண்டும். ஆளுக்கொரு கறுப்புக் குடை கொடுத்தார்கள்.

சிறப்புரைக்கு சூர்யபிரகாஷ் வந்திருந்தார். வரப்பில் பூட்ஸோடு நின்று பேசினார்.

"எங்க தாத்தாவுக்கு நாலு வேலி நிலம். ஒருநாள்கூட அவர் கால்ல சேறு பட்டதில்ல. வரப்புல நிப்பாரு, ஒருத்தன் குடை பிடிப்பான். யாரையும் இதைச் செய், அதைச் செய்னு சொல்லமாட்டாரு. நிப்பாரு, அவ்வளவுதான். நூறு பேர் குனிஞ்ச தலை நிமிராம நடுவாங்க. தலை வலிக்குது, வயித்த வலிக்குதுன்னு ஒரு சத்தம் வராது. இன்னிக்கு உலகத்துல பெரிய கம்பெனிங்க ஆராய்ச்சி பண்ணிக் கண்டுபிடிக்கிறதை நாம அப்பவே செஞ்சிருக்கோம். நமக்கு அது ரத்தத்துலயே இருக்கு."

எல்லாரும் எழுதிக்கொண்டார்கள். கயல்விழிக்கும் அது ரத்தத்தில் இருந்தது, ஆனால் வயலுக்குள்ளிருந்து.

அவர் பேசி முடிப்பதற்குள் மழை பிடித்துக்கொண்டது. தலைவர்கள் குடையை விரித்தார்கள். பெண்கள் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு நட்டார்கள். மழை கூடக் கூட, பாடம் தத்ரூபமாக அமைந்துவிட்டது என்று பூர்ணிமா மகிழ்ந்தார். கயல்விழி கிழக்கே பார்த்தாள். குடவாசல் பக்கம் வானம் இன்னும் கறுப்பாக இருந்தது. அவள் குடையை மடக்கி வரப்பில் வைத்துவிட்டு வயலுக்குள் இறங்கினாள். கரையோரம் நட்டுக்கொண்டிருந்த பெண்ணிடம் போன் இருக்கிறதா என்று கேட்டாள். அந்தப் பெண் இடுப்பில் பிளாஸ்டிக் பையில் சுற்றி வைத்திருந்த பட்டன் போனை எடுத்துக் கொடுத்தார்.

காத்தாயி முதல் மணியிலேயே எடுத்தார்.

"மிஷின் வரலடி. உன் ஆப்புல அறுத்து முடிஞ்சிடுச்சுன்னு காட்டுதாம். நெல்லு நின்னது நின்னபடி இருக்கு. ஊர்ல எல்லாரும் எங்கிட்டதான் வந்து கேக்குறாங்க. உனக்கு நேத்திலேருந்து போட்டுட்டே இருக்கேன்."

கயல்விழி போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, சேற்றுக்காலோடு விடுதி வாசலைத் தாண்டி ரோட்டுக்கு வந்தாள். வரப்பிலிருந்து பூர்ணிமா அவள் பெயரைச் சொல்லி அழைத்தது கேட்டது. ஒரு ஷேர் ஆட்டோவில் ஏறி கம்பெனிக்குப் போனாள். அவளுடைய அடையாள அட்டைக்கு வாசற்கதவு திறக்கவில்லை. பயிற்சி முடியும்வரை அவள் உள்ளே வரக் கூடாது என்று ஏற்பாடு. ஷிஃபா ஓடிவந்து திறந்துவிட்டாள். அவள் அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை. தன் நாற்காலியை மட்டும் இழுத்துப் போட்டாள். கயல்விழி பழைய சர்வருக்குள் போய், பட்டியலை எடுத்துப் புதியதில் சேர்த்து, மிஷின்களைத் திருப்பிவிட்டாள். பதினொரு நிமிடம் ஆயிற்று.

ஆனால் அந்த ஏழும் டயர் வைத்த மிஷின்கள்; ஈர வயலில் இறங்காது. சேற்றில் ஓடும் செயின் வண்டிதான் வேண்டும். டெல்டாவில் மழை பெய்த அன்று செயின் வண்டிக்கு எல்லா ஊரும்தான் அடித்துக்கொள்ளும். வெள்ளிக்கிழமை மதியம்தான் புதுக்குடிக்கு இரண்டு வண்டி போய்ச் சேர்ந்தது. அதற்குள் பயிர் பாய் விரித்தாற்போலச் சாய்ந்து, தண்ணீரில் கிடந்தது. கதிரிலேயே முளை விட்டுவிட்டது. அறுத்ததைக் கொண்டுபோனவர்களைக் கொள்முதல் நிலையத்தில் ஈரம் பார்த்துத் திருப்பி அனுப்பினார்கள். பாதி வயலில் அறுக்கவே இல்லை. மாட்டை மேய விட்டார்கள்.

கயல்விழியை வேலையை விட்டு எடுத்துவிடுவார்கள் என்று ஷிஃபா பயந்தாள். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. வியாழக்கிழமை சூர்யபிரகாஷ் அவளைக் கூப்பிட்டு, பயிற்சியிலிருந்து ஓடிவந்ததும், கையால் வேலை செய்ததும் வருத்தம்தான் என்றார். ஆனால் செவ்வாய்க்கிழமை போன் பேச்சு முதலீட்டாளர்கள் எல்லாருக்கும் போட்டுக் காட்டப்பட்டதாகவும், அவர்கள் அசந்துபோய்விட்டதாகவும் சொன்னார். அவள் தேர்ச்சி பெற்றுவிட்டாள். தோல்வியைக் கொண்டாடுவது வளரும் கம்பெனியின் அடையாளம் என்பதால், சான்றிதழைப் புதுக்குடியிலேயே விழா எடுத்துக் கொடுப்பது என்று முடிவாயிருந்தது.

அடுத்த புதன்கிழமை புதுக்குடிப் பள்ளிக்கூடத் திடலில் பந்தல் போட்டார்கள். 'தோற்றோம், வளர்ந்தோம்' என்று பேனர் கட்டியிருந்தது. வந்த விவசாயிகளுக்கெல்லாம் கம்பெனி பெயர் போட்ட தொப்பி கொடுத்தார்கள். கோவிந்தராசு அதை வாங்கி மடிமேல் வைத்துக்கொண்டார். கேக் வெட்டினார்கள். பூர்ணிமா மைக்கைப் பிடித்து, இந்த ஊர் மட்டும் இல்லையென்றால் எங்களுக்கு இப்படி ஒரு பாடம் கிடைத்திருக்காது என்று புதுக்குடிக்கு நன்றி சொன்னார். சூர்யபிரகாஷ் எழுந்து, ரொம்ப உணர்ச்சிவசப்பட்டு, "நீங்க இழந்தது ஒரு போகம்தான். நாங்க அடைஞ்சது வாழ்க்கை முழுக்க வரப்போற அனுபவம்" என்றார்.

பிறகு கயல்விழியைப் பேச அழைத்தார்கள்.

அவள் மைக்கின் முன் போய் நின்றாள். எதிரே அவள் தெருக்காரர்கள் ஒரு பக்கமும் பெரிய தெருக்காரர்கள் ஒரு பக்கமும் உட்கார்ந்திருந்தார்கள். முன்வரிசையில் முதலீட்டாளர்களின் பிரதிநிதி.

"போன வாரம் செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு ஷிஃபா எனக்குப் போன் பண்ணுச்சு. ஒரு பட்டியல் எங்க இருக்குன்னு கேட்டுச்சு. எனக்குத் தெரியும். சொல்லியிருந்தா அன்னிக்கே மிஷின் இங்க வந்திருக்கும். மழைக்கு முன்னாடி எல்லாம் அறுத்திருக்கலாம். நான் சொல்லல. சொல்லக் கூடாதுன்னு மார்க் போட்டுட்டு இருந்தாங்க. வேலை போயிடும்னு பயந்தேன். அவ்வளவுதான் நடந்துச்சு."

பிரதிநிதிதான் முதலில் எழுந்தார். கை தட்டினார். சூர்யபிரகாஷும் தட்டினார். பூர்ணிமா மைக்கை வாங்கி, தன் பலவீனத்தை எல்லார் முன்னாலும் ஒப்புக்கொள்வது தலைமையின் கடைசிப் படி, பன்னிரண்டு பேரில் கயல்விழி ஒருத்திதான் அதை ஏறியிருக்கிறார் என்று அறிவித்தார். அவளுடைய மதிப்பெண் அங்கேயே தொண்ணூற்றெட்டாக உயர்த்தப்பட்டது. புகைப்படம் எடுத்துக்கொண்டு, மழைத்தண்ணீர் தேங்கிய ரோட்டில் கார்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் திரும்பிப் போயின.

அன்று மாலையே அவள் ராஜினாமாக் கடிதம் அனுப்பினாள். எப்போது விலக வேண்டும் என்று தெரிந்திருப்பதும் தலைமைதான் என்று பாராட்டி சூர்யபிரகாஷ் உடனே ஏற்றுக்கொண்டார். அவள் இடத்துக்கு ஷிஃபாவை நியமித்து, அடுத்த அணியில் பயிற்சிக்கு அனுப்பினார்கள். ஷிஃபா போகவில்லை. பெங்களூரிலிருந்து ஒருவர் வந்தார்.

மறுநாள் காலையில் வீட்டு வாசலில் காத்தாயி தார்ப்பாயில் நெல்லைப் பரப்பிக் காலால் கிளறிக்கொண்டிருந்தார். கறுத்த நெல். வெள்ளை முளை நூல்நூலாக நீட்டிக்கொண்டிருந்தது. கயல்விழியும் போய்க் கிளறினாள்.

"தெரிஞ்சும் சொல்லலியா?" என்று கேட்டார் காத்தாயி.

"தெரிஞ்சும் சொல்லலம்மா."

காத்தாயி இன்னொரு நடை கிளறிவிட்டு வந்தார். "நேத்து மைக்குல சொன்னியே, அது அவங்களுக்குச் சொன்னதா ஆயிடுச்சு. கை தட்டிட்டுப் போயிட்டாங்க. ஊருக்கு நீ இன்னும் சொல்லல."

கயல்விழி காலைக் கழுவிக்கொண்டு புறப்பட்டாள். பெரிய தெருவிலிருந்து ஆரம்பித்தாள். கோவிந்தராசு வாசலில் முறத்தை வைத்து, தேறும் நெல்லைத் தனியாகப் பிரித்துக்கொண்டிருந்தார். அவள் நின்றபடியே எல்லாவற்றையும் மறுபடி சொன்னாள். அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை, கையையும் நிறுத்தவில்லை. அவள் சொல்லி முடித்தபின்னும் இரண்டு முறம் புடைத்தார்.

"பக்கத்து வீட்ல வாசல்ல ஆள் இருக்கமாட்டாங்க. கொல்லைப்பக்கமா போய்ப் பாரு" என்றார்.